புளி மேல் மட்டும் பழி போடாதீர்கள், டீச்சர்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 43. தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீட்டில் கணவர், பதினோரு வயது மகள், மாமியார். இரண்டு வருடமாகப் பல் கூச்சம். ஐஸ் தண்ணீருக்குக் கூச ஆரம்பித்தது, பிறகு திராட்சை, மாங்காய், எலுமிச்சை சாதம், தக்காளி ரசம் என்று நீண்டு, புளிக்குழம்பில் முதல் கவளம் வாயில் வைத்ததுமே சிலிர்த்துப் போகிற நிலைக்கு வந்துவிட்டது. எட்டு மாதமாகப் புளியை அடியோடு விட்டுவிட்டார். "புளி ஊற்றாமல் என்ன குழம்பு?" என்று மாமியார் கேட்க, இவருக்கு மட்டும் பருப்பும் பொரியலும் தனியாக நடக்கிறது. அப்படியும் கூச்சம் குறையவில்லை.

கூச்சப் பேஸ்ட் வாங்கி ஐந்து நாள் தேய்த்துவிட்டு, பலனில்லை என்று நிறுத்திவிட்டார். டவுனில் ஒரு பல் கிளினிக்கில் ஆறு பற்களுக்கு ரூட் கேனால் செய்து கேப் போடவேண்டும், 78,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். "கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது" என்று எழுதியிருக்கிறார். (புளியை விட்டு எட்டு மாதம் ஆகியும் புளி அவரை விடவில்லை.) அவர் கேட்பது நான்கு: ஆயுளுக்கும் புளிப்பைத் தொடக்கூடாதா? ஆறு ரூட் கேனாலும் செய்துகொள்ளத்தான் வேண்டுமா? எங்கள் ஊர்த் தண்ணீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு அதிகம், அது கலந்த பேஸ்ட்டைத் தேய்க்கலாமா? என் மகளுக்கும் இது வருமா?

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றைவிட, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஐந்தாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "பாடம் நடத்தி நடத்தி வாய் வறண்டுவிடும், அதனால் கைப்பையில் புளி மிட்டாய் வைத்திருப்பேன், பீரியடுக்கு ஒன்று." அதற்கு முன் பக்கத்தில்: "காலையில் எழுந்ததும் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்துவிட்டுப் பல் தேய்ப்பேன், மூன்று வருடப் பழக்கம்." கடைசிப் பக்கத்தில்: "ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்துக்குப் படுக்கை, சில நாள் தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் வரும், காலையில் குரல் கட்டியிருக்கும்."

குழம்பில் புளியை நிறுத்திவிட்டீர்கள். மிட்டாய், எலுமிச்சை, வயிறு என்று மற்ற மூன்று வழியாகவும் புளிப்பு வந்துகொண்டே இருக்கிறது. எட்டு மாதம் நாக்கைக் கட்டியும் பலன் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்து பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவு செய்யவேண்டியது உங்கள் பல்லை நேரில் பார்க்கும் மருத்துவர்.

பல்லுக்கு ஈயம் போனால்

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் நம் வீடுகளில் புளி சேர்த்துச் சமைக்க மாட்டார்கள். கறுத்துப்போன குத்துவிளக்கைப் பளபளக்க வைப்பதும் அதே புளிதான். உலோகத்தின் மேலிருக்கும் களிம்பையே கரைத்து எடுக்கிற பொருள் அது. பல்லுக்கு இயற்கை பூசிய ஈயம்தான் எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள், ஆனால் தடிமனான இடத்தில்கூட இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். உயிரணு இல்லாததால் தேய்ந்தால் திரும்ப வளராது.

புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் 7 நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 2.5. வயிற்று அமிலம் 1-லிருந்து 2. எலுமிச்சையை ஒரு டம்ளர் வெந்நீரில் கலந்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். தேன் கலந்தால் புளிப்பு தெரியாது, அவ்வளவுதான். தேனே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். அதில் பல்லின் உயிர்ப்பகுதி வரைக்கும் ஓடுகிற கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ அந்தக் குழாய் வாய்கள் திறந்துகொண்டால், குளிர்ச்சியோ புளிப்போ இனிப்போ காற்றோ பட்டதும் உள்ளே திரவம் அசையும், நரம்பு சுள்ளென்று சொல்லும். அதைத்தான் கூச்சம் என்கிறோம். புளி பட்டதும் கூசுகிறது என்பதால் புளிதான் பல்லைக் கெடுத்தது என்று முடிவுகட்ட முடியாது. திறந்து கிடக்கிற கதவைப் புளி தட்டுகிறது. திறந்தது யார் என்பது வேறு விசாரணை.

எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதைவிட எத்தனை தடவை

நம் வாயில் இதற்கு ஒரு காவலும் உண்டு, எச்சில். புளிப்பை நீர்த்துப்போகச் செய்யும், முறிக்கும், இளகிப்போன எனாமலில் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும். ஆனால் அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். ஒரு தடவை புளிப்பு பட்டால் வாய் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கை நீங்களே போடுங்கள். பீரியடுக்கு ஒன்று என்று ஆறு மிட்டாய், ஒவ்வொன்றும் வாயில் கரைகிற நேரம், அதற்கு மேல் அரை மணி. மத்தியானம் வரைக்கும் உங்கள் பல் புளிப்பில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. இதோடு பார்த்தால், கரண்டியளவு புளிக்குழம்பைப் பத்து நிமிடத்தில் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டு மோர் சாதத்தில் முடிக்கிற உங்கள் மாமியார் எவ்வளவோ தேவலை.

அந்த மோர் சாதம் சும்மா இல்லை. தயிரும் புளிப்புத்தான், ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலை அவ்வளவாகக் கரைக்காது. குழம்பு, ரசம், கடைசியில் மோர் என்று நம் பந்தி வரிசையை யார் வகுத்தார்களோ, பல் மருத்துவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கூச்சம் என்று வருகிறவர்களிடம் எல்லாப் புளிப்பையும் நிறுத்து என்றுதான் சொல்வேன். ஒருவர் அப்படியே செய்தார், ரசம்கூட இல்லை. ஒரு வருடம் கழித்து இன்னும் மோசமாகி வந்தார். விசாரித்தால் வேலை செய்யும் இடத்தில் மத்தியானம் முழுக்க ஒரு பாட்டில் எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறார். "சாப்பாட்டுலதானே டாக்டர் புளிப்பு கூடாதுன்னீங்க" என்றார். தப்பு என்னுடையது. அதற்கப்புறம் தடை போடுவதை விட்டுவிட்டு, எப்போது, எத்தனை தடவை என்று கேட்க ஆரம்பித்தேன்.

மிட்டாய் தேவைப்படுவதே வாய் வறள்வதால்தான். அதற்கும் உங்கள் கடிதத்தில் ஒரு துப்பு இருக்கிறது: சாக்பீஸ் தூசிக்குத் தும்மல் வருவதால் தினமும் இரவில் செட்ரிசின் போடுகிறீர்கள். இந்த வகை அலர்ஜி மாத்திரைகள் சிலருக்கு வாயை உலர்த்தும். தூங்கும்போது எச்சில் சுரப்பது எல்லோருக்குமே மிகவும் குறைந்துவிடும், மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் வறட்சி. நீங்களாக நிறுத்தவேண்டாம். தினமும் தேவையா, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே போல வேறு வழி உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். பள்ளியில் மிட்டாய்க்குப் பதில் தண்ணீர் பாட்டில், வேண்டுமானால் சர்க்கரையில்லாத சூயிங்கம். வகுப்பில் மென்றால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள் என்பது தெரியும், இடைவேளையில் மெல்லுங்கள்.

காலையில் நடக்கும் தப்பு

எலுமிச்சை குடித்த கையோடு பல் தேய்ப்பதுதான் உங்கள் பழக்கங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது. புளிப்பு பட்ட எனாமல் மேலாகக் கொஞ்சம் இளகியிருக்கும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் இளகிய படலம் வழித்துக்கொண்டு போய்விடும். அதுவும் நீங்கள் "நன்றாகச் சுத்தமாகட்டும்" என்று கெட்டியான பிரஷ்ஷில் கரித்தூள் பற்பொடியைத் தொட்டுத் தேய்க்கிறீர்கள்.

எழுந்ததும் முதலில் பல் தேய்த்துவிடுங்கள். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், அழுத்தாமல் இரண்டு நிமிடம். கரித்தூள், செங்கல் தூள், உப்புக்கல் எதுவும் வேண்டாம். பிறகு வெந்நீர் குடிக்கவேண்டும் போலிருந்தால் வெறும் வெந்நீர், இல்லையென்றால் சீரகத் தண்ணீர். எலுமிச்சையும் தேனும் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மூன்று வருடத்தில் ஐந்து கிலோ குறைந்ததற்கு நீங்கள் சாயங்காலம் நடக்கிற நடைக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். மற்ற நேரங்களில் புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் உடனே தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள், பிரஷ்ஷை அரை மணி நேரமாவது தொடாதீர்கள்.

கூச்சப் பேஸ்ட் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற மருந்து இருக்கும். நரம்பின் துடிப்பு அடங்க ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஐந்து நாள் போதாது. இரவில் தேய்த்துத் துப்பியதும் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். கூசுகிற இடத்தில் விரலால் கொஞ்சம் தடவிவிட்டுப் படுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிப்பதை விரும்பினால் செய்யுங்கள், கெடுதல் இல்லை, போன எனாமல் அதனால் வராது. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், ஈறில் நேரடியாக வைத்தால் புண்ணாகும்.

வயிற்றிலிருந்து வருவது

கண்ணாடி முன் நின்று கைப்பேசி வெளிச்சத்தில் மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே வழுவழுவென்று தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், எலுமிச்சையைவிட வயிற்றைத்தான் நான் சந்தேகப்படுவேன். குடிக்கிற புளிப்பு பெரும்பாலும் பற்களின் வெளிப்பக்கத்தையும் கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பதம் பார்க்கும். கீழிருந்து எதுக்களித்து வருவது மேல்பற்களின் உள்பக்கத்தில் வந்து மோதும். நெஞ்செரிச்சல் இல்லாமலே இது நடக்கலாம். காலையில் குரல் கட்டுவதற்கு வகுப்பில் கத்துவதைக் காரணமாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் தொண்டை வரை புளித்த தண்ணீர் வருகிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இது என் துறை இல்லை, ஒரு பொது மருத்துவரையோ இரைப்பை குடல் மருத்துவரையோ பாருங்கள். அதற்குள் நீங்களே செய்யக்கூடியவை உண்டு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். ஏழு மணிக்குச் சாப்பிடுவது குடும்பத்தில் நடக்காது என்றால், நீங்கள் மட்டும் ஏழு மணிக்கு இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு ஒன்பதரைக்கு மற்றவர்களோடு சும்மா உட்காருங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு மேலும் அமுங்கும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். புளித்த தண்ணீர் வாய்க்கு வந்துவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள்.

நீங்கள் அடிக்கடி குடிக்கிற, நுரைத்துப் பொங்கும் வயிற்றுப்பொடி அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், நோயைத் தீர்க்காது. அதில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆகாது. மெடிக்கல் கடையில் கேட்டு அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போடுவதும் வேண்டாம். விழுங்குவதில் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் அதை வாயு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு ரூட் கேனாலா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஐந்து பல் ஒரு ரகம், ஒரு பல் வேறு ரகம். ஐந்தில் கூச்சம் "சுள்ளென்று வந்து நான்கைந்து நொடியில் போய்விடும்" என்கிறீர்கள். அப்படியென்றால் உள்ளே நரம்பு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை எடுத்துவிட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. கீழ் இடது கடைவாய்ப் பல்லில் மட்டும் சூடான காபி பட்டால் பத்து நிமிடம் வலிக்கிறது, ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுப்பியும் விட்டது என்கிறீர்கள். அதற்கு ரூட் கேனால் தேவைப்படலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற ஐந்துக்கும் படிப்படியாகப் போகலாம். முதலில் பேஸ்ட்டும் பழக்க மாற்றமும், கூடவே மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ். குழியாகத் தேய்ந்த இடங்களைப் பல் நிறத்திலேயே அடைக்கலாம். கேப் கடைசிப் படி. ரூட் கேனால் செய்தால் பல்லின் உயிர் போனது போனதுதான், கேப்புக்காகச் சுற்றிலும் செதுக்கிய பல்லும் திரும்பாது. அமிலம் நிற்காத வாயில் கேப் போட்டால் அதன் விளிம்பை ஒட்டிய பல் தொடர்ந்து அரிபடும்.

அந்த மருத்துவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்தது எக்ஸ்ரேயையும் பல்லையும், நான் படித்தது ஒரு கடிதத்தை. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்பது உங்கள் உரிமை. எந்தப் பல்லுக்கு எதற்காக, பல்லில் குளிர்ச்சி வைத்து நரம்பைப் பார்க்கும் குளிர்ச் சோதனை செய்தார்களா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், பல் வாரியாகச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே நகலையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளைப் பெறுவதும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ளவை. இரண்டாவது கருத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். காலையில் சீக்கிரம் போனால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம், ஒருநாள் லீவு போடுங்கள்.

ஃபுளோரைடு பயம்

உங்கள் பக்கத்து ஊர்களில் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்களைப் பார்த்துப் பழகிய பயம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பிரச்சினைக்காக வந்ததுதான். ஆனால் அந்தக் கறை, பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தால் வருவது. 43 வயதில் பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவதால் வராது. தேய்மானத்துக்கு ஃபுளோரைடு உங்களுக்கு நல்லதுதான் செய்யும். குடிக்கிற தண்ணீர் வேறு விஷயம். போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

மகளைப் பற்றி: தாய்க்குத் தேய்ந்தால் மகளுக்கும் தேயும் என்று இல்லை, பழக்கம்தான் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. அவள் பள்ளிக்கு எலுமிச்சை ஜூஸ் பாட்டில் கொண்டுபோகிறாள் என்கிறீர்கள். அதில் இனிமேல் தண்ணீர் ஊற்றி அனுப்புங்கள், ஜூஸை வீட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சில் குடிக்கட்டும்.

கடைசியாகப் புளி. ஒரு மாதம் மிட்டாயையும் காலை எலுமிச்சையையும் நிறுத்தி, பேஸ்ட்டை ஒழுங்காகத் தேய்த்து, சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். கூச்சம் மட்டுப்பட்டதும் மத்தியானச் சாப்பாட்டில் புளிக்குழம்பை ஆரம்பிக்கலாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். அப்போது மாமியாரிடம் குழம்பைக் கொஞ்சம் நீர்க்கப் புளி கரைத்து வைக்கச் சொல்லுங்கள், தனிச் சமையல் வேலையாவது மிச்சம். மாங்காய் காலத்தில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டு ஒரு கீற்று சாப்பிட நினைத்தால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடுங்கள், ஸ்டாஃப் ரூமில் டப்பாவில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு துண்டு என்று மட்டும் வேண்டாம்.